தண்டபாணி எறக்கிப் பாத்த மெயின் ஸ்விட்ச்

மங்கையம்மாகிட்ட தியானம் கத்துக்கறவங்கள்ல தண்டபாணிதான் மூத்தவரு. அம்மாவ விடவே இருபது வயசு பெரியவரு. ஆனா கேள்வி கேக்க ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டாரு!

ஒரு நாள் கேட்டாரு: "அம்மா, யாரு தயவும் இல்லாம ஒரு மனுசன் வாழ முடியுங்களா?"

அம்மா சிரிச்சாங்க.

தண்டபாணி விடுவாரா? மொட்டை மாடி பூரா சோலார் பேனல் போட்டாரு. கரண்ட்ல ஓடற காரு வாங்குனாரு. எல்லாம் போன வாரந்தான் முடிஞ்சுது. ஒடனே அம்மாவுக்கு போன். "பதில நானே கண்டுபுடிச்சுட்டேனுங்க. வந்து பாருங்க!"

அம்மா வந்தப்ப நல்ல உச்சி வெயில். தண்டபாணி வாசல் கேட்டுகிட்ட நின்னு பக்கத்து வீட்டு கோமதியோட மல்லுக்கட்டிட்டு இருந்தாரு.

"அண்ணா, தெருவுல வோல்டேஜே இல்லீங்க. தையல் மெஷின் உறுமுது, தைக்க மாட்டேங்குது. புது டிரான்ஸ்பார்மர் வெக்க உங்க காம்பவுண்டு மூலைதான் தோதா இருக்குதாமா. ஈபிகாரங்க முக்குல நிக்கறாங்க. நீங்க எடம் குடுக்கலைன்னா அடுத்த தெருவுக்குப் போயிருமுங்ணா."

"போகட்டுமே! என் காரு வெயில்ல ஓடுது கோமதி. தெரு லைன்ல எனக்கென்ன சோலி?"

"நீங்களும் இந்தத் தெருதானுங்ணா."

"பேருக்குத்தான்!"

அம்மா நேரா காருகிட்ட போனாங்க. சார்ஜ் ஏறுற எடத்துல பச்சை லைட் மின்னுச்சு. குனிஞ்சு பாத்தாங்க.

"அட! இப்ப ஏறிட்டு இருக்குதுங்களா?"

"ஆமாங்கம்மா! மேல வெயிலு, கீழ காரு. நடுவுல ஒரு மனுசன் கெடையாது!"

"செவுத்துல இந்தப் பொட்டி?"

"இன்வெர்ட்டருங்க. வெயில் கரண்ட வீட்டுக் கரண்டா மாத்திக் குடுக்கும்."

"அங்கிருந்து கம்பத்துக்கு ஒயர் போகுதே?"

"அதுதான் தெரு லைனு. எனக்குப் போக மிச்சம் அதுல போகும். லாபம் அவங்களுக்குத்தான்."

"உங்களுக்கு?"

"பகல்ல எனக்கு அது வேண்டவே வேண்டாமுங்க!"

"அப்ப தெரு லைன் மெயின எறக்கிப் பாப்பமா?"

தண்டபாணிக்கு ஒரே குஷி. கோமதி பாக்கறாளான்னு ஒரு தடவ திரும்பிப் பாத்துட்டு எறக்குனாரு. டக்!

ஃபேன் நின்னுச்சு. பொட்டியில செவப்பு லைட். காருல பச்சைய காணோம்.

"ஒயர் கழண்டுருச்சோ?" மூச்சு வாங்க மாடிக்கு ஓடுனாரு. அதே வேகத்துல எறங்கி வந்தாரு. "எல்லாம் சரியா இருக்குதுங்க. பேனல் கொதிக்குது. வெயில்ல கண்ணு கூசுது. பொறவு ஏனுங்கம்மா?"

"எங்க மாடியிலயும் இதே மாதிரி பொட்டிதானுங்க. தெருவுல கரண்ட் போனா அதுவும் படுத்துக்கும். லைன்ல கரண்ட் சீரா ஓடுனாத்தான் கூடச் சேந்து ஓடும்."

தண்டபாணி பதறிப்போயி மெயின மறுபடி ஏத்துனாரு. ஃபேன் மெதுவா சொழல ஆரம்பிச்சுது. பொட்டி மட்டும் கம்முனு இருந்துச்சு. அதே செவப்பு.

வாசல் கேட்டுலருந்து கோமதி கூப்பிட்டா. "அண்ணா, ஈபிகாரங்க வண்டிய எடுக்கறாங்க. என்னன்னு சொல்லட்டும்?"

தண்டபாணி காதுல விழுந்துச்சு. ஆனா கண்ணு பொட்டிய விட்டு நகரல.

"அதான் மெயினப் போட்டாச்சே! இவ்ளோ வெயில கையில வெச்சுட்டு, இது இன்னும் எதுக்கும்மா காத்துட்டு நிக்குது?"

"தெரு நல்லாருக்குதான்னு பாத்துட்டு இருக்குதுங்க."

தண்டபாணி அடுத்த கேள்விய விட்டுட்டு, "அவங்கள நிக்கச் சொல்லு கோமதி!"ன்னாரு. காம்பவுண்டு மூலைக்குப் போயி, அங்கிருந்த பூந்தொட்டிய ஒவ்வொண்ணா நகத்த ஆரம்பிச்சாரு.