அமைச்சர் சொல்லச் சொல்ல எழுதிய ஓலை

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னோடு மல்லுக்கு நிற்பார்கள், அதனால் விட்டுவிடுகிறேன். அந்த நாட்டு ராஜாவுக்கு எல்லாம் உடனே நடந்தாக வேண்டும். உலையில் அரிசி போடும்போதே இலை முன்னால் உட்கார்ந்துவிடுகிற ரகம்.

அங்கே ஒருவன்மேல் புகார் வந்தால் அதற்கென்று பழைய முறை இருந்தது. என்ன குற்றம் என்று ஓலையில் எழுதி அவனுக்கே வாசித்துக் காட்டுவார்கள். காவலர்கள் நடந்த இடத்துக்குப் போய் நாலு பேரை விசாரிப்பார்கள். இரண்டு பேர் ஜாமீன் நின்றால் அதுவரை அவன் தன் வீட்டில் இருக்கலாம். பிறகு நீதிபதி ஓலையைப் புரட்டி, இதில் வழக்கு நடத்த ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால்தான் வழக்கே ஆரம்பம்.

"ஆரம்பிப்பதற்கு முன்னால் இத்தனை கூத்தா?" என்று ஒருநாள் ராஜா கொட்டாவி விட்டார்.

அமைச்சர் மதிசூடிக்கு வாயெல்லாம் பல். "தேவரீர் திருவாக்கே சரி. குற்றவாளிக்கு எதற்கு உபசாரம்? புகார் வந்ததும் தண்டனை. நடுவில் எதுவும் வேண்டாம்."

அப்படியே ஆணை பிறந்தது. முத்திரை காய்வதற்குள் அமைச்சரே முதல் புகாரைக் கொண்டுவந்தார். அரண்மனை மாமரம் அந்த வருஷம்தான் கன்னிக் காய்ப்பு. முதல் காய் பழுத்ததும் ராஜாவுக்கு என்று அதன் காம்பில் பட்டுத்துணி கட்டியிருந்தார்கள். துணி இருக்கிறது, காயைக் காணோம்!

"தோட்டக்காரன் சடையனே திருடன்," என்றார் மதிசூடி. உள்ளங்கையில் சூடு போட்டு நாடு கடத்தும்படி ராஜா சொல்லிவிட்டார். கரி அடுப்பில் இரும்புக் கம்பி சிவக்கத் தொடங்கியது.

இந்தச் சடையன் வேறு யாருமில்லை, அரசவை விகடகவி வீரபாகுவின் மனைவிக்குத் தம்பி. வீரபாகு பேசி ராஜா சிரிக்கும்போதெல்லாம் அமைச்சருக்கு வயிறு எரியும். அந்த எரிச்சலைத் தீர்த்துக்கொள்ள வசமாக ஆள் கிடைத்தது, விடுவாரா?

வீரபாகு ஓடோடி வந்தார். மைத்துனன் காதருகே குனிந்தார். "டேய், நீ எடுத்தியா?"

"சத்தியமா இல்ல அத்தான்."

"யார் எடுத்தாங்கன்னு தெரியுமா?"

"தெரியும். சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன். கை வெந்தா வெந்துட்டுப் போவுது."

பாவிப் பயல்! இவன் வாயைத் திறக்க மாட்டான், கம்பியோ சிவந்துகொண்டே இருக்கிறது. வீரபாகு நேரே போய்ப் புகார் மணியை ஓங்கி அடித்தார்.

"மகாராஜா, என் புகார். அமைச்சர் மதிசூடி குற்றம் செய்திருக்கிறார்."

ராஜா புருவத்தை உயர்த்தினார். "என்ன குற்றம்?"

"அதைச் சொல்ல வேண்டும் என்று ஆணையில் இல்லையே, பிரபு. புகார் வந்ததும் தண்டனை என்றுதானே இருக்கிறது?"

காவலர்கள் திருதிருவென்று விழித்தார்கள். ஆனால் ஆணை ராஜாவின் ஆணை. இரண்டு பேர் அமைச்சரின் தோளைப் பிடித்து அடுப்பருகே தள்ளிக்கொண்டு போனார்கள்.

"ஐயையோ, இதென்ன அநியாயம்!" என்று அமைச்சர் அலறினார். "என்ன குற்றம் என்று எனக்கே சொல்லாமலா?"

வீரபாகு ஓலைக்காரரைத் திரும்பிப் பார்த்தார். "அமைச்சர் சொன்னதை அப்படியே எழுதும் ஐயா."

"யார் பார்த்தது? போய் விசாரித்துவிட்டு வாருங்கள்!"

"அதையும் எழுதும்."

கம்பியின் சூடு முகத்தில் அடித்ததும் அமைச்சருக்கு வேஷ்டி நழுவியது. "நான் ஓடியா போய்விடுவேன்? என் மாமனார் ஜாமீன் நிற்பார், என் சம்பந்தி நிற்பார்! நீதிபதியே, வாயில் கொழுக்கட்டையா? இந்தப் புகாரில் ஏதாவது இருக்கிறதா என்று பாருமேன்!"

"போதும், விடுங்கள் அவரை," என்ற வீரபாகு ஓலையை வாங்கி ராஜாவிடம் நீட்டினார். "பழைய முறை முழுவதும் இதில் இருக்கிறது, பிரபு. ஒரு வரி விடாமல் அமைச்சரே சொல்லியிருக்கிறார். இவருக்குத் தேவைப்படுவது சடையனுக்கு வேண்டாமா?"

ராஜா ஓலையைப் படித்தார். மீசை துடித்தது. ஆனாலும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சடையனுக்கும் முறைப்படி நடக்கட்டும். தோட்டத்தில் விசாரித்து வாருங்கள்," என்றார்.

போன காவலர்கள் வெட்கத்தோடு திரும்பினார்கள். "மகாராஜா, மாங்கொட்டை அந்தப்புரத்து ஊஞ்சலடியில் கிடக்கிறது. பக்கத்தில் உப்பும் மிளகாய்ப்பொடியும் இருக்கிறது."

திரைக்குப் பின்னால் வளையல் குலுங்கியது. ராணியின் குரல் கேட்டது. "பறித்தவள் நான்தான். மூன்றாம் மாதம் நிறையும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது நம் குலவழக்கம். நேற்றுத்தான் நிறைந்தது, இன்று நானே உங்களிடம் சொல்ல இருந்தேன். அதற்குள் இத்தனை அவசரமா? மசக்கைக்காரிக்கு என்ன சூடோ, போடுங்கள்!"

ராஜாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பதினோரு வருஷமாகக் காத்திருந்த செய்தி அல்லவா! நான்கு நாழிகை முன்னால், அந்தச் செய்தியைக் காத்தவன் கையைப் பொசுக்கச் சொன்னவரும் அவர்தான். எழுந்துபோய்ச் சடையனின் கையைத் தம் கைக்குள் வைத்துக்கொண்டார். அப்புறம்தான் சிரிப்பு வந்தது, தூண் அதிரச் சிரித்தார். புது ஆணையைத் தாமே அடுப்பில் போட்டார். வீரபாகுவுக்கு முத்துமாலை, சடையனுக்குத் தோட்டத்தின் தலைமை.

"வேறென்ன வேண்டும் வீரபாகு?"

"என் புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது, பிரபு. அதுவும் முறைப்படி நடக்கட்டும்."

நடந்தது. மாமனாரும் சம்பந்தியும் ஜாமீன் நின்றார்கள். ஒன்பதாம் நாள் நீதிபதி ஓலையைப் புரட்டி, இதில் வழக்கு நடத்த எதுவும் இல்லை என்று தூக்கிப் போட்டார். அன்று கோயிலில் நூற்றெட்டுத் தேங்காய் உடைத்து, பழைய முறை நீடூழி வாழ வேண்டும் என்று அர்ச்சனை செய்தவர் அமைச்சர் மதிசூடி.