கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பேட்டரி

போடியில் ஒரு ஜீப் இருந்தது. விடிந்ததும் ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகும். பொழுது சாய்வதற்குள் அவர்களைத் திரும்ப ஊரில் கொண்டுவந்து விடும். அதை வைத்து ஓட்டியவன் வீரணன். அவன் மனைவி ஒச்சம்மாளும் அதே ஜீப்பில் போய்க் காய் எடுப்பவள்தான்.

சித்திரை மாதத்தில் ஒருநாள் தோட்டத்துப் பாதையில் ஈரக்கல் வழுக்கி வீரணன் விழுந்தான். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். "நாலு மாசத்துக்கு கிளச்சை மிதிக்கக் கூடாது" என்றார் டாக்டர். ஜீப் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் நின்றுபோனது.

நின்ற முதல் நாள் பேட்டரி மிடுக்காகத்தான் இருந்தது. பாட்டுப்பெட்டியில் இருந்த கடிகாரம் பச்சையாக மினுக்கிக்கொண்டு கேட்டது: "அண்ணே, கொஞ்சம் கரண்டு குடுங்க. மணி காட்டணும்."

"எடுத்துக்கோ. இவ்வளவு பெரிய எஞ்சினையே எழுப்பி விடுறவன் நான். உனக்குக் குடுத்தா குறைஞ்சா போயிருவேன்?"

"யார் பார்க்கப் போறாங்கன்னு நீ மணி காட்டுற?" என்றது ஜீப்.

"யாராவது வந்து பார்த்தா?" என்றது கடிகாரம்.

ஒருவரும் வந்து பார்க்கவில்லை. ஆனாலும் கடிகாரம் ஓயாமல் கேட்டது. பேட்டரியும் ஓயாமல் கொடுத்தது. வண்டி ஓடிய நாட்களில், கொடுத்ததையெல்லாம் எஞ்சின் திரும்ப நிரப்பிவிடும். இப்போது நிரப்ப ஆளில்லை என்பது அதற்குத் தோன்றவே இல்லை.

ஆறாவது வாரம் ஒச்சம்மாள் கொட்டகைக்கு வந்தாள். வண்டியை ஒரு தடவை கிளப்பித்தான் பார்ப்போமே என்று சாவியைத் திருகினாள். 'டிக்' என்று ஒரு சத்தம். அதோடு சரி. கடிகாரமும் அணைந்துவிட்டது.

சன்னலோரக் கட்டிலில் கிடந்த வீரணனுக்கு அது கேட்டது. அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அதுவும் என்னைய மாதிரியே படுத்துருச்சு. வண்டிய விலைக்குக் கேட்டு ஒருத்தன் வந்தானே, அவன்கிட்டயே குடுத்துரு புள்ள. இனி நான் எங்க ஓட்டப்போறேன்?"

"என்ன பேச்சு மாமா இது? பேட்டரிய எப்படிக் கழட்டுறதுன்னு மட்டும் சொல்லுங்க."

"நீ கழட்டுவியா?"

"நீங்க சொன்னா கழட்டுறேன்."

சன்னல் வழியாக அவன் சொல்லச் சொல்ல அவள் ஸ்பேனரைப் பிடித்தாள். "கறுப்பு வயரை மொதல்ல எடு. செவப்பு அப்புறம். ஸ்பேனர் ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல பட்டுறக் கூடாது, பாத்து!"

"பார்த்தியா? ஒருநாள் முடியலேன்னதும் கழட்டி வீசுறாங்க" என்று பேட்டரி ஜீப்பிடம் குமுறியது.

ஒச்சம்மாள் அதை ஆட்டோவில் ஏற்றி, சார்ஜ் கடை கமாலுதீனிடம் கொண்டுபோனாள். அவர் மூடிகளைத் திறந்து பார்த்தார்; குறைந்திருந்த தண்ணீரை ஊற்றினார்; ஒரு பகல் முழுக்க மெதுவாகச் சார்ஜ் ஏற்றினார்.

"நல்ல நேரத்துல கொண்டாந்தீங்கக்கா. காலியாவே கெடந்திருந்தா உள்ள வெள்ளை பூத்துப்போயிரும். அப்புறம் எவ்வளவு ஏத்துனாலும் நிக்காது. ஆனா வண்டி ஓடுற வரைக்கும் இதை அதுல மாட்டிறாதீங்க, சும்மா நிக்கிறப்பவே உறிஞ்சிரும். தனியா ஒரு பலகை மேல வைங்க. மாசம் ஒரு தடவை இங்க கொண்டாங்க."

அப்படித்தான் பேட்டரி வீரணனின் கட்டிலுக்குப் பக்கத்தில், பலகை மேல் வந்து உட்கார்ந்தது. வயர் இல்லை, விளக்கு இல்லை, ஹாரன் இல்லை.

"ஒண்ணுமே செய்யாம உட்கார்ந்திருக்கேனே, நான் இன்னும் பேட்டரிதானா?" என்று அது புலம்பியது.

"கொஞ்சம் சத்தம் போடாம இரு. வேலையா இருக்கேன்" என்று கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. வீரணனின் முறிந்த எலும்புதான் பேசியது.

"வேலையா? நீ படுத்துல்ல கிடக்கிறே!"

"படுத்தாத்தான் இந்த வேலை நடக்கும். ரெண்டு முனையும் கூடி வரணும். அவசரப்பட்டு எழுந்தா நேத்து கூடினதும் இன்னைக்கு விட்டுரும்."

"உனக்குக் கூடுறது ஒரு வேலை. எனக்கு என்ன இருக்கு?"

"உள்ளே இருக்கிறதைச் சிந்தாம வச்சிருக்கியே. அது லேசான வேலையா?"

பேட்டரி தன்னையே தொட்டுப் பார்த்ததுபோல உள்ளே கவனித்தது. வந்து மூன்று வாரம். உள்ளே இருந்தது அநேகமாக அப்படியே இருந்தது. அதன் பிறகு அது புலம்பவில்லை.

ஞாயிறுதோறும் ஒச்சம்மாள் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஜீப்பை அரை முழம் தள்ளி நிறுத்துவாள். ஒரே இடத்தில் நின்றால் டயர் சப்பிப்போகும் என்று வீரணன்தான் சொல்லியிருந்தான். ஒரு ஞாயிறு தள்ளி முடித்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு கட்டிலருகே வந்தாள்.

"வண்டிய அசைச்சாச்சு. இப்ப உங்க முறை. டாக்டர் சொன்ன மாதிரி வெரலை ஆட்டுங்க."

"வலிக்குது புள்ள."

"எங்களுக்கு மட்டும் தோள் வலிக்கலையாக்கும்?"

அவன் சிரித்துவிட்டான். விழுந்ததிலிருந்து அன்றுதான் சிரித்தான். விரலை ஆட்டினான், அடுத்த வாரம் பாதத்தை, பிறகு கம்பு ஊன்றி வாசல்வரை.

ஆவணி பிறந்தது. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "எலும்பு நல்லாக் கூடியிருக்கு. இனி ஓட்டலாம்" என்றார். ஒச்சம்மாள் பேட்டரியைக் கொட்டகைக்குத் தூக்கிப்போய், இம்முறை சிவப்பு வயரை முதலில் மாட்டினாள். வீரணன் இடது காலால் கிளச்சை மெல்ல அழுத்திப் பார்த்தான். சாவியைத் திருகினான். ஜீப் உடம்பைக் குலுக்கிக்கொண்டு எழுந்தது.

மறுநாள் காலை, பெண்கள் நிறைந்த வண்டி மலை ஏறியது. ஐந்தாவது வளைவில் வேறொரு ஜீப் வழியை அடைத்து நின்றது. ஊரில் தள்ளிக் கிளப்பிக்கொண்டு வந்திருக்கிறார்கள், ஏற்றத்தில் அணைந்துவிட்டது. மேலே தள்ளவும் முடியாது. வீரணன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமலே இறங்கி, இரண்டு பேட்டரிகளுக்கும் வயர் கொடுத்தான்.

நின்றுபோன வண்டியின் பேட்டரி முனகியது: "என்னை விட்டுருங்க. ரெண்டு மாசமா சும்மா போட்டு வச்சிருந்தாங்க. நான் முடிஞ்சுபோனவன்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றது வீரணனின் பேட்டரி. "வயரைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ."

அந்த ஜீப் இரண்டு தடவை திணறியது. மூன்றாம் தடவை கிளம்பிவிட்டது.