புண்ணின் வாய்

"அம்மா, எனக்கு மௌனம் குடுங்க," என்றார் கஜபதி.

தெய்வயானை அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எவ்வளவு நாளைக்கு?"

"ஆயுசுக்கும்."

மலையடிவாரத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஆசிரமத்துக்கு ஞானம் கேட்டு வருவார்கள். மோட்சம் கேட்டு வருவார்கள். மூட்டுவலிக்கு மருந்து கேட்டும் வருவார்கள். அம்மா காவி கட்டுவதற்கு முன் கால்நடை டாக்டராக இருந்தவர். டாக்டர் என்றால் டாக்டர்தானே நம் ஜனங்களுக்கு. ஆயுசுக்கும் மௌனம் கேட்டு வந்தவர் கஜபதி ஒருவர்தான். அம்மாவைவிட அவருக்கு வயதும் அதிகம்.

எல்லாவற்றையும் துறந்துவிட்டு வந்ததாகச் சொன்னார். ஆனால் மடியில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே ஏதோ பிறாண்டியது.

"எல்லாத்தையுமா?" என்றார் அம்மா.

"இதை மட்டும் விட முடியலைம்மா. பொண்ணு வளர்த்தது."

திறந்து காட்டினார். ஒரு கினிப்பன்றி. பழுப்பும் வெள்ளையுமாக, வாலில்லாமல், இரண்டு கைக்குள் அடங்குகிற உயிர்.

"பொண்ணு எங்க?"

"போன மழைக்காலத்துல காய்ச்சல் வந்து... போயிட்டா."

அம்மா கீரையைக் கீழே வைத்தார்.

"பேரு?"

"அந்தப் பேரு என் வாயில வரக் கூடாதுன்னுதாம்மா மௌனமே கேக்கறேன். வீட்டுலயும் யாரும் சொல்றதில்லை. போட்டோவையெல்லாம் பரண்ல போட்டாச்சு. துக்கம் விசாரிக்க வந்தவங்ககிட்டகூட, அவ பேச்சை மட்டும் எடுக்காதீங்கன்னு சொல்லிட்டேன்."

"உங்க வீட்டம்மா?"

"சரளாவா? அவ தேறிட்டாம்மா. மொதல்ல ராவும் பகலும் அழுதா. அழாதேன்னு அதட்டினேன். இப்ப அழறதே இல்லை. சமைக்கறா, துணி துவைக்கறா. பேச்சுதான் கொறைஞ்சு போச்சு. மத்தபடி தேறிட்டா."

ஒரு வேலையை ஒழுங்காக முடித்த ஆளின் நிம்மதி அந்தக் குரலில் இருந்தது.

அம்மா கினிப்பன்றியைக் கையில் எடுத்தார். தாடைக்கு அடியில் போன விரல் அங்கேயே நின்றது.

"மௌனம் அப்புறம் பாக்கலாம். இதுக்குக் கட்டி இருக்கு."

அரைநெல்லி அளவுக்கு இருந்தது. கஜபதி பதறிப் போய் அதைப் பிதுக்கப் பார்த்தார். அம்மா அவர் கையைத் தட்டிவிட்டார்.

"பிதுக்கினா உள்ளுக்குள்ளயே உடையும்."

"பையில பொண்ணுக்கு வாங்கின மாத்திரை மிச்சம் இருக்கும்மா. பொடி பண்ணிக் கொடுக்கட்டுமா?"

"மனுசங்க மருந்து இதுக்கு ஆகாது. சிலது குடலைக் கெடுத்து ஆளையே கொன்னுடும்."

துறவி ஏன் அந்த மாத்திரையைப் பையில் வைத்திருக்கிறார் என்று அம்மா கேட்கவில்லை.

"எதனாலம்மா வந்துச்சு?"

"காய்ஞ்ச புல்லு வாயில குத்தியிருக்கும். மாட்டுக்குக் கட்டி வந்தா உடைஞ்சு ஒழுகிடும். இதுக்குச் சீழ் கெட்டி. தயிர்க்கட்டி மாதிரி உள்ளயே உக்காந்துக்கும். தானா வராது."

மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகக் கீறி, உள்ளே இருந்ததை எடுத்தார். கஜபதி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு அம்மா ஊசியில்லாத ஒரு சிரிஞ்சை அவரிடம் கொடுத்தார்.

"காலையும் சாயங்காலமும் வெதுவெதுப்பா உப்புத் தண்ணி. உள்ள பீய்ச்சிக் கழுவணும். முக்கியமா, புண்ணுக்கு வாய் மூடக் கூடாது."

"வாய் மூடினாத்தானேம்மா ஆறினதா அர்த்தம்?"

"அடியிலேருந்து ஆறிக்கிட்டு வரணும். அதுவரைக்கும் வாய் தொறந்தே இருக்கணும்."

அன்று சாயங்காலம், ஆசிரமத்தில் தங்கக் கொடுத்த அறையில் கஜபதி சிரிஞ்சைக் கிட்டே கொண்டுபோனார். கினிப்பன்றி வீலென்று கத்தியது. சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டு, ஈரத் துணியால் மேலே மட்டும் ஒற்றி எடுத்தார். மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும் அப்படித்தான்.

கொஞ்ச நாளில் முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தார்.

"அம்மா, ஆறிடுச்சு! வாய் மூடிடுச்சு!"

அம்மா தடவிப் பார்த்தார். பொருக்குக்கு அடியில் கட்டி இருந்தது. அரைநெல்லி இப்போது முழு நெல்லி ஆகியிருந்தது.

"கழுவினீங்களா?"

"துடைச்சேம்மா."

"உள்ள?"

"கத்துதும்மா. அந்தச் சத்தத்தை என்னால தாங்க முடியலை."

"அப்ப யாருக்காக மூடவிட்டீங்க?"

கஜபதி பொருக்கை விரலால் தொட்டுப் பார்த்தார்.

அம்மா மறுபடி கீறினார். இந்தத் தடவை கையைக் கழுவிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"இன்னொரு தடவை மூடிக்கிச்சுன்னா இது பிழைக்காது."

கஜபதி சிரிஞ்சைத் தேடி எடுத்தார். மகள் விட்டுப்போனதில் மூச்சு விடுவது இது ஒன்றுதான்.

ஆனால் அதுவோ அவரைக் கண்டாலே மூலைக்கு ஓடியது. சாப்பாட்டையும் நிறுத்திவிட்டது. கொத்தமல்லித் தழையை மூக்குக்கு நேரே நீட்டினாலும் திரும்பிக்கொண்டது.

"கிட்டவே வரமாட்டேங்குதும்மா."

"பேர் சொல்லிக் கூப்பிடுங்க. உங்க பொண்ணு இதை எப்படிக் கூப்பிடுவா?"

கஜபதி தரையைப் பார்த்தார்.

"தங்கச்சின்னு," என்றார். "ஒத்தைப் புள்ளைம்மா. தங்கச்சி வேணும் தங்கச்சி வேணும்னு ஒரே நச்சரிப்பு. எங்களால இதைத்தான் வாங்கித்தர முடிஞ்சுது."

அம்மா உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தார். வெளியே போய்விட்டார்.

கஜபதி மூலையைப் பார்த்து உட்கார்ந்தார்.

"வா," என்றார்.

வரவில்லை.

"இந்தா, வா."

அசையவில்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டார். யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல், "தங்கச்சி," என்றார்.

அதன் காது நிமிர்ந்தது. 'வீக்' என்றது. பள்ளிக்கூடம் விட்டு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் முன்பெல்லாம் போடுகிற சத்தம். மகள் போனபிறகு அது ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. மூலையை விட்டு மெதுவாக வந்து அவர் முழங்காலை முகர்ந்தது.

கஜபதி அதை மடியில் வைத்து, சிரிஞ்சைப் புண்ணின் வாயில் வைத்தார். அது வீலென்று கத்தியது. அவர் சிரிஞ்சை எடுக்கவில்லை.

"கத்து தங்கச்சி. நல்லா கத்து."

கெட்டியாக, வெள்ளையாக வந்தது. மறுபடி பீய்ச்சினார். மறுபடி வந்தது.

"உங்க அக்கா இருந்திருந்தா என்னைத் திட்டியே தீத்திருப்பா," என்றார்.

அவ்வளவுதான், அவருக்கு உடைந்துவிட்டது. டிபன் டப்பாவில் கேரட்டை ஒளித்து வைத்து இதற்குக் கொண்டுவருவாளே, அதைச் சொன்னார். காய்ச்சலில் கிடந்தபோதும், "தங்கச்சிக்குப் புல்லு போட்டியாப்பா?" என்று கேட்டாளே, அதைச் சொன்னார். போடாமலேயே போட்டேன் என்று சொன்னதையும் சொன்னார். கழுவிக்கொண்டே சொன்னார். ஆசிரமம் முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதார்.

வெளியே அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். உள்ளே போகவில்லை.

அதன்பிறகு காலையும் சாயங்காலமும் அந்த அறையிலிருந்து கத்தலும் பேச்சும் அழுகையும் கேட்டன. சில நாள் நடுவே சிரிப்பும் கேட்டது. புண்ணின் குழி அடியிலிருந்து மேடேறி வந்தது. தங்கச்சி கொத்தமல்லிக்குச் சண்டை போட ஆரம்பித்தது.

ஒருநாள் காலை கஜபதி அட்டைப்பெட்டியும் கையுமாக வந்து நின்றார்.

"புண்ணு இன்னும் முழுசா ஆறலையே," என்றார் அம்மா.

"கழுவறதை வீட்டுல பாத்துக்கறேம்மா."

"மௌனம் கேட்டீங்களே?"

கஜபதி பெட்டியைப் பார்த்தார்.

"சரளா தேறிட்டான்னு சொன்னேன் இல்லையாம்மா?"

"சொன்னீங்க."

"மேலதாம்மா மூடியிருக்கு. நான்தான் மூடினேன்."

அம்மா எழுந்து போய் ஒரு பொட்டலம் உப்பு கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்தார்.

கஜபதி படலைத் திறந்து வெளியே போனார். கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்தார்.

"அம்மா, மொத நாள் என்கிட்ட ஒரு பேரு கேட்டீங்க."

"ஆமா."

"நித்திலா," என்றார்.