வகுபடாத சீர்முத்து

முன்னொரு காலத்தில் மருதவேலி நாட்டை வில்லவராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் சொன்னதை மத்தியானம் மாற்றுவான். அவனுடைய ஒரே மகள் அல்லியங்கோதைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை அவளுக்குப் பிடித்தவன்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். பெண்ணுக்குக் கொடுக்கும் சீர்முத்தை எத்தனை பேருக்குப் பங்கு போட்டாலும் மிச்சம் விழவேண்டும். சமமாகப் பிரிந்தால் தம்பதியும் பிரிவார்களாம். ராஜா சும்மா இருப்பானா?

"அந்த எண்ணை எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுபோல இருக்கவேண்டும். போகும்போதும் திரும்பி வரும்போதும் அவள் என் மகளாகவே இருக்கவேண்டும்" என்றான்.

பொக்கிஷ அதிகாரி வீரசிங்கருக்கு மந்திரி அம்பலவர்மேல் எப்போதும் வயிற்றெரிச்சல். "நாலு இலக்கமாக இருக்கட்டும் பிரபு. கணக்குப்புலி மந்திரியார் கண்டுபிடிக்கட்டும், அப்புறம் முகூர்த்தம் வைக்கலாம்" என்று கொளுத்திப் போட்டார். ராஜாவும் சட்டென்று சம்மதித்துவிட்டான். அல்லியங்கோதையின் முகம் வாடிப்போயிற்று.

மறுநாள் அம்பலவர், "அப்படி ஓர் எண் கிடையாது பிரபு" என்றார்.

"கிடையாதா, உமக்குத் தெரியாதா?" என்று சிரித்தார் வீரசிங்கர்.

"சரி, நீங்களே ஒன்று சொல்லுங்கள்."

"3553!"

"பதினொரு பேருக்குக் கொடுங்கள். ஆளுக்கு 323, மிச்சமில்லை."

"7667!"

"ஆளுக்கு 697. நாலு இலக்கத்தில் எதைச் சொன்னாலும் அந்தப் பதினொரு பேரும் பந்தியில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள், ஐயா."

ராஜா, "அப்படியானால் கல்யாணமே நடக்காதா!" என்றான். குரலில் சந்தோஷம் தெரிந்தது.

அம்பலவர் அருகில் போய் மெதுவாகக் கேட்டார்: "மகளை அனுப்ப மனசு வரவில்லை, அவ்வளவுதானே பிரபு?"

ராஜாவின் கண் கலங்கியது. "இவள் போய்விட்டால் நான் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவேன், அம்பலவரே?"

மந்திரி மணலைப் பரப்பி 10301 என்று எழுதினார். "ஐந்து இலக்கம். யாராலும் பங்கு போட முடியாது. இந்தக் கோடியில் நீங்கள், அந்தக் கோடியில் மகள். பூஜ்யங்கள் இடையிலுள்ள வழி. நடுவிலிருக்கும் மூன்று, வருஷத்துக்கு அவள் பிறந்தகம் வரும் தடவை."

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டான். "மூன்றுதானா? நாலாக்கும்!"

"10401-ஐ மூன்று பேர் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். ஆனால் ஐந்தாக்கலாம். 10501 பிரியாது."

"ஐந்தே இருக்கட்டும்! அடுத்த வாரமே முகூர்த்தம். அம்பலவருக்கு என் முத்துமாலை. வீரசிங்கரே, சீர்முத்தை உம் கையாலேயே ஒவ்வொன்றாக எண்ணி வையும்!"

வீரசிங்கர் விடிய விடிய வியர்க்க விறுவிறுக்க எண்ணி முடித்து, பெட்டியை மூடப்போனார். பக்கத்தில் நின்ற அல்லியங்கோதை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, 10601-உம் பிரியாது. நேற்றே போட்டுப் பார்த்துவிட்டேன்."