மலையிறங்கி வந்த நிலைவாசல்

முன்னொரு காலத்தில் வீரகண்டன் என்று ஓர் அரசன் இருந்தான். அவன் நாட்டின் பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் கோபித்துக்கொள்வார்கள். ஆகவே அது வேண்டாம். நல்ல மனசுக்காரன்தான். ஆனால் யாராவது புகழ்ந்துவிட்டால் மட்டும் சின்னக் குழந்தையாகிவிடுவான்.

சமையற்கட்டு முதல் யானைக்கொட்டில் வரை, தன் அரண்மனையில் வேலை செய்கிற எல்லாருக்கும் வைத்தியம் இலவசம் என்று அவன் உத்தரவு போட்டிருந்தான். மலைக்காற்று நோயைத் தீர்க்கும் என்று யாரோ சொல்ல, வைத்தியசாலையைக் கோட்டைமலையின் உச்சியில் கட்டிவிட்டான். ஏறிப்போக முந்நூறு படி. போதாக்குறைக்கு, எவனோ ஒருவன் அடுத்தவன் பேரைச் சொல்லி லேகியம் வாங்கிக் கடைத்தெருவில் விற்றுவிட்டானாம். உடனே பிரதானி நரசய்யன் ஒரு சட்டம் எழுதி அரசனிடம் முத்திரை வாங்கினார்: "வைத்தியசாலையின் நிலைவாசலைத் தம் காலால் தாண்டியவருக்கே மருந்து. நோயாளியைச் சுமந்து வருதல் கூடாது."

முந்நூறு படி ஏறுகிறவனுக்கு என்ன பெரிய நோய் இருந்துவிடப் போகிறது? வந்தவர்களுக்கெல்லாம் தும்மல், ஏப்பம், விக்கல், அவ்வளவுதான். ஆண்டு முடிவில் பிரதானி சபையில் எழுந்து நின்றார்.

"மன்னர் பெருமானே! இவ்வாண்டு வைத்தியசாலைக்குக் கடுங்காய்ச்சலோடு வந்தவர் எவருமில்லை. எலும்பு முறிந்து வந்தவர் இல்லை. தீப்புண்ணோடு வந்தவர் இல்லை. தங்கள் அரண்மனையில் நோய் என்பதே ஒழிந்தது!"

அரசனுக்குத் தலைகால் புரியவில்லை. "'நோயில்லா அரண்மனை' என்று கருங்கல்லில் வெட்டுங்கள். வரும் வெள்ளிக்கிழமை விழா எடுத்து அதை நடுவோம்!" என்றான்.

சபையே கைதட்டியது. அங்கே கைதட்டாமல் இருந்தது ஒருவன்தான். அவன் அம்பலவாணன், அரசனைச் சிரிக்கவைப்பதற்கென்றே அரண்மனையில் இருந்தவன். அவனுக்கு அன்று சிரிப்பும் வரவில்லை, சிரிக்கவைக்கவும் தோன்றவில்லை. காலையில் பார்த்த சீரங்காயியின் கால் அவன் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

சீரங்காயி முப்பது வருஷமாக அரண்மனையில் உலை வைக்கிறவள். பன்னிரண்டு நாளைக்கு முன் கொதிக்கிற கஞ்சி அவள் இடது காலில் கொட்டிவிட்டது. புண் சீழ் வைத்து, கால் வீங்கி, உடம்பு நெருப்பாய்ச் சுட்டது.

"படியேற முடியலையே தம்பி. முந்தாநாள் போய்ப் பாத்தேன். மூணாம் படியிலேயே கண்ண இருட்டிருச்சு" என்றாள். ஒளித்து வைத்த வடையை எத்தனையோ நாள் அவனுக்கு எடுத்துக் கொடுத்தவள். அவன் உடனே மலையேறிப் போய் வைத்தியர் சிவக்கொழுந்திடம் கேட்டான். கிழவர் கண் கலங்கிவிட்டார்.

"வாசல் தாண்டாதவளுக்கு மருந்து குடுத்தா என் கைய வெட்டிருவாங்கய்யா. காச்சின கசாயத்த எல்லாம் நானே குடிச்சுக்கிட்டு இருக்கேன்."

"அம்பலவாணா, நீ ஏன் கைதட்டவில்லை?" என்று அரசன் இப்போது கேட்டான்.

"இந்த அரண்மனையில் ஒரு நோயாளி இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறாள், மன்னா. கைதட்டினால் விழித்துக்கொள்வாள் என்று பார்த்தேன்."

பிரதானிக்கு ரொம்ப நாளாகவே அவன்மேல் வயிற்றெரிச்சல். "மன்னர் வாக்கையே பொய் என்கிறான்! அப்படியொரு நோயாளி இருந்தால், சட்டப்படி நிலைவாசலைத் தாண்டவைத்து, வெள்ளிக்கிழமைக்குள் மன்னருக்குக் காட்டட்டும். முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்!"

"அப்படியே ஆகட்டும்" என்றான் அரசன். இன்னும் மூன்றே நாள் இருந்தது.

அம்பலவாணன் மறுபடி மலையேறினான். வாசலில் எழுதி ஒட்டியிருந்த சட்டத்தை மூன்று தடவை படித்தான். பிறகு நிலைவாசலை மேலும் கீழும் பார்த்தபடி நின்றான்.

"என்னய்யா, வாசலையே மொறச்சுக்கிட்டு நிக்கிற?" என்றார் வைத்தியர்.

"பெரியவரே, இந்த நிலை எவ்வளவு கனம் இருக்கும்?"

வைத்தியருக்கு ஒரு நொடி விளங்கவில்லை. விளங்கியதும் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாய்ப் படியிறங்கினார்.

யானைக்கொட்டில் ஆட்கள் நான்கு பேர் நிலைவாசலைக் கீழ்ப்படியோடு பெயர்த்து, தோளில் தூக்கிவந்து, சீரங்காயி வீட்டு முற்றத்தில் கட்டிலை ஒட்டி நிறுத்தினார்கள். அவள் பயந்துபோனாள்.

"இது என்ன தம்பி கூத்து?"

"கூத்தெல்லாம் ஒண்ணுமில்லக்கா. ஒரே ஒரு எட்டு வை. நான் பிடிச்சுக்கறேன். சுமக்கத்தான் கூடாது, கை குடுக்கலாம்."

பல்லைக் கடித்துக்கொண்டு அவள் எழுந்து அந்தப் படியைத் தாண்டினாள். தாண்டியதும் அழுதுவிட்டாள். வைத்தியர் புண்ணைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டினார். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கால் போயிருக்கும்மா" என்றார்.

சேதி பரவியது. இடுப்பொடிந்த பாகன், மூச்சிரைக்கும் வண்ணாத்தி, நிறைமாதச் சூலி, கண் மங்கிய பூக்கட்டி என்று வரிசை தெருவை அடைத்தது. எழ முடியாதவர்களின் வீட்டுக்கு நிலைவாசலே நடையாய் நடந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் பிரதானி சபைக்குள் பதறிக்கொண்டு வந்தார். "மன்னா! வைத்தியசாலை வாசலையே திருடிவிட்டான்!"

அரசன் கோபத்தோடு தெருவுக்கு வந்தான். ஊர்வலத்துக்குப் புறப்பட்ட கல்லும் வண்டியில் பின்னாலேயே வந்தது. எதிரே வெட்டவெளியில் ஒரு வாசல் நின்றது. அதன் முன்னே அவனுடைய அரண்மனையில் பாதிப் பேர் வரிசையாய் உட்கார்ந்திருந்தார்கள்.

"இதுவா என் வைத்தியசாலை?"

"நிலைவாசல் இருக்கிறது, வைத்தியர் இருக்கிறார், மருந்து இருக்கிறது, மன்னா. மலை மட்டும்தான் வரவில்லை. அதற்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, அதனால் அழைக்கவில்லை" என்றான் அம்பலவாணன். "தாங்கள் ஒரு நோயாளியைக் கேட்டீர்கள். இங்கே அறுபது பேருக்கு மேல் இருக்கிறார்கள்."

அரசனுக்கு உதடு துடித்தது. சிரிப்பா, கோபமா என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போது வரிசையோரம் கிடந்த சீரங்காயியின் கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எசமான், ரசம் சரியா இருக்குதுங்களா? புதுப் பொண்ணு புளிய நெறையக் கரைக்கிறா. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

பதினைந்து நாளாய் ரசம் ஏன் புளிக்கிறது என்று யோசித்தவன் அரசன். ஏன் அவள் வரவில்லை என்று கேட்காதவனும் அவனே. வெட்கம் அவன் முகத்தில் அப்படியே தெரிந்தது. கட்டிலருகே போய், "தாயே, உனக்கு இன்னும் என்ன வேண்டும்?" என்று கேட்டான்.

"வைத்தியரு எங்க தெருவிலேயே இருக்கட்டும் எசமான். படுத்துக் கெடக்கிற நாளிலயும் கூலிக்கு அளக்கிற படியரிசி வரட்டும். அது நின்னு போகுமேன்னுதான் பாதிப் பேரு நோயையே மறைக்கிறாங்க."

"இன்று முதல் அப்படியே. இனி எது வேண்டும் என்று நோயாளிகளைக் கேட்டுத்தான் சட்டம் எழுதவேண்டும்" என்றான் அரசன்.

பிரதானி மெல்லப் பின்வாங்கினார். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டுவதை அம்பலவாணன் கவனித்தான். "பிரதானியாரே, எத்தனை நாளாய்?"

"ஒரு வருஷமாய்" என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு. "அந்தப் படியை நான் எங்கே ஏறுவது?"

அரசனால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அம்பலவாணன் சிரிக்கவில்லை, கை கொடுத்து அவரையும் படி தாண்டவைத்தான்.

அரசன் தன் முத்துமாலையைக் கழற்றி நீட்டினான். அதை வேண்டாம் என்று சொல்ல அம்பலவாணன் பைத்தியக்காரனா? வாங்கிப் போட்டுக்கொண்டு, "அந்தக் கல்லையும் கொடுங்கள், மன்னா. வைத்தியருக்கு நல்ல அம்மி இல்லை" என்றான்.

அன்று முதல் அந்தக் கல்லில்தான் மருந்து அரைத்தார்கள். முதலில் அரைத்தது பிரதானியின் முழங்காலுக்கு. அந்தத் தெருவழியே போகும்போதெல்லாம் அரசன் குனிந்து பார்ப்பான். 'நோயில்லா அரண்மனை' ஒவ்வோர் எழுத்தாய்த் தேய்ந்துகொண்டே வந்தது. அதைப் பார்த்து அவன் சிரித்ததாகத்தான் சொல்கிறார்கள். வருத்தப்பட்டதாக யாரும் சொல்லவில்லை.