சத்தம் போடாத கிலுகிலுப்பை

மலையடிவாரப் புல்வெளியில், நெட்டைக் கிலுகிலுப்பைப் புதருக்குள் ஒரு காடை தன் குஞ்சுகளோடு வாழ்ந்து வந்தது. மஞ்சள் பூக்கள் உதிர்ந்து, காய்கள் முற்றிக் காய்ந்திருந்தன. எது உரசினாலும் உள்ளே விதைகள் கிலுகிலுவென்று ஆடும்.

ஆடும்போதெல்லாம் காடை பதறி எழும். "யாரு? யாரது?" என்று குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொள்ளும்.

பக்கத்துப் புதர் முயல் சிரித்தது. "காத்தைப் போய் யாருன்னு கேட்டா, அது பேரா சொல்லப் போகுது மதினி?"

"உனக்கென்ன, ஓடிருவே! என் பிள்ளைங்களுக்கு இன்னும் பறக்கத் தெரியலையே!"

இதை ஒரு நரி கேட்டது. புதருக்குள் கால் வைக்காமல், வெளியே நின்றே பேசியது.

"தங்கச்சி! தூக்கமில்லாம கண்ணெல்லாம் குழி விழுந்து கிடக்கே! ஓடைப் பக்கம் போயேன். அங்கேயும் கிலுகிலுப்பைதான். ஆனா குட்டை வகை, பிந்திப் பூக்கிறது. காயெல்லாம் பச்சை. மூச்சு விடாது!"

'அதுவும் இந்தச் சாதிச் செடிதானே! இதே மறைவு அங்கேயும் இருக்கும், சத்தம்தான் இருக்காது' என்று எண்ணிய காடை, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு போனது.

ஆகா, என்ன அமைதி! காடை கண் அயர்ந்தது.

சிறகடியில் ஒரு குஞ்சு வெடவெடவென்று நடுங்கியது. காடை விழித்துப் பார்த்தால், ஒரு பாய்ச்சல் தூரத்தில் நரி!

"எப்போ வந்தே?"

"நீ கண்ணை மூடினதும் வந்துட்டேன் தங்கச்சி!"

"படுங்கடா!" என்று கத்தியது காடை. குஞ்சுகள் மண்ணோடு மண்ணாக ஒட்டிக்கொண்டன. காடை ஒரு சிறகு ஒடிந்ததுபோல இழுத்து இழுத்து ஓடியது. பெரிய இரையே கிடைத்ததென்று நரி துரத்தியது. ஓடிய ஓட்டத்தில் இரண்டும் பழைய நெட்டைப் புதருக்குள் நுழைந்தன.

கிலுகிலு! இடப்பக்கம் வருகிறான். கிலுகிலு! இதோ பின்னால்! நரி வைத்த ஒவ்வொரு அடியையும் காய்கள் காட்டிக்கொடுத்தன. காடை வளைந்து வளைந்து போக்குக் காட்டி, சட்டென்று மேலே பறந்தது. நரி மூச்சு வாங்கி, வெறும் வாயோடு மலையேறியது.

காடை குஞ்சுகளைத் திரும்ப அழைத்து வந்தபோது முயல் கேட்டது: "அவன் ஏன் வெளியிலேயே நின்னு பேசினான்னு இப்பப் புரியுதா?"

காற்று அடித்தது. காய்கள் குலுங்கின. காடைக்கு மறுபடியும் திக்கென்றது. ஆனாலும் அது அங்கிருந்து நகரவில்லை.

எச்சரிக்கும் சத்தத்தைத் தொல்லை என்று வெறுப்பவர், சத்தமில்லாமல் வரும் ஆபத்துக்குத் தாமே வழிவிடுகிறார்.