பிடித்துவிடும் சட்டம்

உக்கிரபுரியை இரணசிங்கர் ஆண்டபோது, அவையில் எல்லோரும் அரசருக்கு இடப்பக்கமாகவே நின்றார்கள். காரணம் மரியாதை அன்று, சுளுக்கு. அரசரின் கழுத்து இடப்பக்கம் திரும்பியபடியே நின்றுவிட்டது. ஒருவர் மட்டும் வலப்பக்கம் நின்றார். அவர் விருத்தகிரியார், மர்த்தன பரிபாலன சபையின் தலைவர். அரசரின் பார்வையில் படாமலிருப்பது அவருக்குச் சௌகரியம். அந்தக் கழுத்தைப் பிடித்துவிடப் போய் இப்படித் திருப்பி வைத்தவர் அவருடைய மைத்துனர்.

மர்த்தனம் என்றால் உடம்பு பிடித்துவிடுவது. அப்படிச் சொன்னால் ஊருக்குப் புரிந்துவிடும் என்பதால் சபைக்கு வடமொழியில் பெயர் வைத்தார்கள். உரிமம் பெற்றவர் மட்டுமே இனி அந்தத் தொழிலைச் செய்யலாம். உரிமத்துக்குத் தேர்வு உண்டு. எண்ணெய் என்ற சொல் பிறந்த விதத்தை இலக்கண விதியோடு எழுத வேண்டும். கையெழுத்து அழகாக இருக்க வேண்டும். தேர்வில் உடம்பு எங்குமே வராது. எண்ணெய்ப் பிசுக்கு என்றாலே தலைவருக்குக் குமட்டும். இதுவரை தேறியவர் ஒருவர்தான். அவர் மைத்துனர்.

இருளாயி சந்தைப்பேட்டையில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு முதுகு பிடித்துவிட்டுப் பிழைத்தவள். எழுதத் தெரியாது. விருத்தகிரியார் தாமே சேவகர்களோடு போய் அவளைக் கைது செய்து அவைக்குக் கொண்டுவந்தார். ஊரைவிட்டே துரத்த வேண்டும் என்றார். வேறு பிழைப்பு தெரியாது, வேறு ஊரும் கிடையாது என்று அவள் கும்பிட்டாள். அரசர் இளகினார். தலைவர் இளகவில்லை.

“அரசே, இரக்கம் வேறு, சட்டம் வேறு. ஓலையில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்ற வேண்டும்.”

அவைப்புலவர் ஆராவமுதர் அந்த ஓலையைக் கேட்டு வாங்கினார். தலைவர் தம் கைப்பட எழுதிய சட்டம். ஒரே வரி. உரக்கப் படித்தார்.

“உரிமமின்றி ஒருவரைப் பிடித்துவிடுகிறவர் எவரோ, அவரைச் சபைத் தலைவர் தம் கையாலேயே பிடித்துவிட வேண்டியது.”

துரத்துவதைப் பற்றி இதில் ஓர் எழுத்தும் இல்லை என்றார். பிறகு ஒரு கிண்ணம் நல்லெண்ணெய் கொண்டுவரச் சொன்னார்.

“எண்ணெய் எதற்கு?” என்றார் விருத்தகிரியார்.

“நீங்கள் இவளைப் பிடித்துவிட.”

தலைவர் முகம் சிவந்தது. முதலில் வருவது கை கால் அமுக்குவது, பின்னால் வருவது கைது செய்வது, படித்தவர்களுக்கு இது விளங்கும் என்றார்.

“ஒரே வரி, ஒரே சொல், ஒரே எழுத்தாணி. நடுவில் பொருள் எந்த இடத்தில் மாறியது, தலைவரே? சரி, இரண்டுமே கைது என்று வைத்துக்கொள்வோம். இருளாயி யாரையும் கைது செய்ததில்லை. உரிமம் இல்லாமல் இன்று ஒருத்தியைக் கைது செய்தவர் நீங்கள். ஆகவே உங்களை நீங்களே கைது செய்துகொள்ள வேண்டும். இரண்டுமே அமுக்குவது என்றால், அவள் கால் இதோ. எழுத்துக்கு எழுத்து என்றீர்கள். எது வேண்டும்?”

விருத்தகிரியார் சிறையை நினைத்தார். எண்ணெயை நினைத்தார். வெகுநேரம் இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தார். பிறகு தரையில் உட்கார்ந்தார். சந்தைச் சேறு காயாத அந்தக் காலை இரண்டு விரலால் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பூசணிக்காய் முற்றிவிட்டதா என்று பார்ப்பவரைப் போல அமுக்கினார்.

“எப்படியம்மா இருக்கிறது?” என்று அரசர் கேட்டார்.

இருளாயி கொஞ்சம் யோசித்தாள். “குறை சொல்லக்கூடாது, சாமி. ஆனா இந்தக் கைக்கு மட்டும் உரிமம் குடுத்துடாதீங்க.”

அரசர் சிரித்தார். சிரிப்பு பாதியில் கழுத்தில் வெட்டி இழுத்தது. வலி தாங்காமல், தம் கழுத்தைப் பார்க்கும்படி அவளிடமே சொன்னார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். உரிமம் இல்லையே, மறுபடி தண்டனை வருமே என்று பயந்தாள்.

“தைரியமாகப் பிடி, தாயே,” என்றார் ஆராவமுதர். “மிஞ்சிப் போனால் தலைவர் உன் இன்னொரு காலையும் பிடித்துவிடுவார்.”

அவள் பிடித்தாள். சடக்கென்று ஒரு சத்தம். இனி உன்னை ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்று அவளிடம் சொன்ன அரசர், தம் சால்வையை எடுத்து ஆராவமுதருக்குப் போர்த்தினார். அதற்குள் விருத்தகிரியார் கையைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல் வலப்பக்கம் போய் நின்றிருந்தார்.

அரசர் சிரித்தபடியே மெல்ல வலப்பக்கம் திரும்பினார்.

“அடடே, விருத்தகிரி, இத்தனை நாளும் நீர் இங்கேதான் நின்றீரா?”